செடித் தூரில் வெள்ளை படர்ந்தால்: உப்பா, மட்குப் பூசணமா, கழுத்தழுகலா?

ஐப்பசியில் இரண்டு மழை நன்றாக இறங்கிவிட்டால், ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உச்சிப்புளி முதல் தங்கச்சிமடம் வரை வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர் செடித் தூரைச் சுற்றி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ எதையோ கண்டு திகைக்கிறார்கள். மறுநாளே உரக்கடையில் ஒரு பூசணக்கொல்லியை வாங்கிவந்து வாளியில் கரைத்து ஊற்றியும் விடுகிறார்கள். தண்டு மண்ணுக்குள் இறங்கும் கழுத்துப் பகுதியைச் சற்றுக் குனிந்து பார்த்திருந்தால் அந்த வாளிகளில் பல தேவைப்பட்டிருக்கமாட்டா என்பது என் கருத்து.

முதலில் விலக்க வேண்டியது உப்பு. நல்ல நீர் உள்ள ஊர்க்காரர்களுக்கு இந்த ஐயம் பெரும்பாலும் எழாது. கிணற்று நீர் கரிக்கும் நம் ஊர்களில், பாய்ச்சிய நீர் ஆவியானதும் அதில் கரைந்திருந்த உப்பு மேல்மண்ணில் தங்கிப் பூத்துவிடுகிறது. உப்பையும் பூசணத்தையும் பெரும்பாலும் பருவமே பிரித்துக் காட்டிவிடும்: உப்பு பங்குனி, சித்திரை வெயிலில் தடித்து மழையில் மறையும், பூசணம் மழையில் எழுந்து வெயிலில் ஒடுங்கும். உப்பு பாத்தி வரப்பின் மேட்டிலும் மண்தொட்டியின் வெளிச்சுவரிலும்கூடப் படியும். பூசணத்துக்கோ மட்கும் பொருள் ஏதாவது வேண்டும். அப்போதும் ஐயம் தீரவில்லை என்றால், வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி ஒரு தம்ளர் மழைநீரில் கலக்கிப் பாருங்கள். உப்பு கரைந்துபோகும், பூசண இழை பஞ்சுத் திரிபோல நிற்கும். எலுமிச்சைச் சாறு பட்டு நுரைத்தால் சுண்ணாம்புப் படிவு என்றொரு சோதனையும் சொல்லப்படுகிறது. கிளிஞ்சல் தூள் கலந்த கடற்கரை மணல் எங்கே ஊற்றினாலும் நுரைக்கும் என்பதால் நமக்கு அது உதவாது. உப்புதான் என்று உறுதியானால், மேல்மண்ணை ஒரு விரற்கடை வழித்தெடுத்துவிட்டு, மழைநீரைப் பாத்தியில் தேக்கி உப்பைக் கீழே இறங்கச் செய்ய வேண்டும். இலை விளிம்பு கருகிவருவதைப் பார்த்து இதற்கும் பூசணக்கொல்லி தெளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்ததுதான் உண்மையான சிக்கல், ஏனெனில் இங்கே ஒப்பிட வேண்டிய இரண்டும் பூசணங்கள், இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே மழைக்குப் பின் வருபவை. ஒன்று மட்குப் பூசணம்: கோகோபீட், பனையோலைத் துண்டு, ஆட்டு எரு, வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றின் மேல் ஒட்டடைபோலப் படர்ந்து அவற்றைச் சிதைத்து உரமாக்குவது. மூடாக்கை விலக்கினால் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். தண்டு தன் நிறத்தில் தெளிவாக நிற்கும். நோய்ப் பூசணங்களை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா கலந்த எருவில் வெள்ளை சில நாளில் பச்சையாக மாறினால், காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிர் வேலை செய்கிறது என்று பொருள். அதைக் கெட்டுப்போன எரு என்று கொட்டிவிட வேண்டாம். மற்றபடி கிளறிவிட்டு, நீரைக் குறைத்து, ஒரு நாள் வெயில் படவிட்டால் போதும்.

மற்றொன்று கழுத்தழுகலைக் கொண்டுவரும் ஸ்கிளிரோசியம் ரோல்ஃப்சி. 1892இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தக்காளிச் செடிகளில் இதைக் கண்ட பீட்டர் ஹென்றி ரோல்ஃப்ஸின் பெயரே 1911இல் இதற்குச் சூட்டப்பட்டது. வெப்பமும் ஈரமும் காற்றோட்டமுள்ள மணற்பாங்கான மண்ணும் இதற்குப் பிடித்தவை. 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வளரும் என்றால், நம் கடற்கரை ஏறக்குறைய ஆண்டு முழுவதும் அதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். மல்லிகை, நிலக்கடலை, மிளகாய், தக்காளி, கத்தரி என நூற்றுக்கணக்கான செடிகளைத் தாக்கக்கூடியது. முண்டு மிளகாய்க்கும் மல்லிகை நாற்றுக்கும் பெயர்பெற்ற இந்தப் பகுதியில் இதை அடையாளம் காணத் தெரிந்திருப்பது அவசியம்.

இதன் இழைகள் மட்குப் பூசணத்தைப் போலச் சிதறிக் கிடக்காமல், பட்டுநூல் மினுமினுப்போடு விசிறிபோல விரிந்து தண்டைத் தழுவி மேலேறும். அந்த இழையை விரலால் துடைத்தால் அடியில் பட்டை பழுத்து நசிந்திருக்கும், ஏனெனில் இது ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து திசுவைக் கொன்ற பிறகே உள்ளே நுழைகிறது. செடி முதலில் உச்சிவெயிலில் மட்டும் துவளும். பிறகு மாலையிலும் நிமிராது. எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம், தூரைச் சுற்றி வெள்ளையாகத் தோன்றிப் பழுப்பாக முதிரும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள கடுகு போன்ற உருண்டைகள். சமையலறைக் கழிவோடு வந்த கடுகு என்று எண்ணி நான் ஒருமுறை அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். பத்து நாளில் மூன்று மல்லிகைக் கன்றுகள் போயின. உண்மைக் கடுகாக இருந்திருந்தால் அந்த ஈரத்தில் முளைத்திருக்கும் என்று பிறகுதான் தோன்றியது.

அந்த உருண்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், தாக்கிய செடியை வேரோடும் சுற்றிலும் ஒரு சாண் அகல மேல்மண்ணோடும் பெயர்த்து எரித்துவிட வேண்டும். எருக்குழியில் போட்டால் அடுத்த பருவத்தில் தோட்டம் முழுவதும் நாமே பரப்பியதாகிவிடும். மீதி மேல்மண்ணைக் கொத்தி ஆழத்தில் புதைப்பதும் பயன் தரும், காற்றில்லாத ஆழத்தில் அவை முளைப்பதில்லை. மருந்தைப் பொறுத்தவரை, கடைகளில் எளிதில் கிடைக்கும் கார்பன்டசிம் என்ற பூசணக்கொல்லி இந்தப் பூசணத்திடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை, நமக்கு உதவும் டிரைக்கோடெர்மாவையோ எளிதில் அடக்கிவிடுகிறது. ஆகவே வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மாவைக் கலந்து தூரில் இடுவதையே நான் தேர்வு செய்வேன், அதுவும் நோய் வருவதற்கு முன்பே.

மஞ்சளாகத் தோன்றுபவற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரவா கேசரியைக் கொட்டிப் பரப்பியதுபோல ஒரே இரவில் மூடாக்கின் மேல் வருவது சளிப்பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் அது பூஞ்சை இனமே அல்ல, அமீபாவுக்கு உறவான உயிரி. பாக்டீரியாக்களைத் தின்று, ஊர்ந்து, சில நாளில் காய்ந்து பழுப்புத் தூளாகிவிடும். தூள் பறக்குமுன் வாரி எடுத்துவிட்டால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நல்லது. தொட்டியில் எலுமிச்சை நிறத்தில் வரும் மெல்லிய குடைக்காளானும் செடிக்குத் தீங்கு செய்வதில்லை, ஆனால் தின்றால் நச்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் உடனே பிடுங்கிவிட வேண்டும். புற்றுக்காளான் தின்று பழகியவர்கள்கூடத் தோட்டத்து நாய்க்குடையை அந்தப் பழக்கத்தை நம்பிச் சமைக்கக் கூடாது.

தென்னையின் அடியில் வருவது மட்டும் வேறு கணக்கு. தூரிலிருந்து பக்கவாட்டில் தட்டுபோல நீண்டு, கெட்டியாக, வார்னிஷ் பூசியதுபோலச் செம்பழுப்பாக மின்னினால் அது கானோடெர்மா என்ற பூசணம். 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பரவலாகக் கவனிக்கப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர்பெற்ற அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணமானது. அந்தத் தட்டு வெளியே தெரியும் நேரத்தில் மரத்தின் உட்பகுதி ஏற்கெனவே அழுகியிருக்கும். அதற்கு முன்பே அடிமரத்தில் செம்பழுப்பு நீர் கசிந்திருக்கும், அதைத்தான் நாம் தவறவிடுகிறோம். அந்த மரத்தைப் பெரும்பாலும் மீட்க முடியாது. அதை வேரோடு அகற்றிவிட்டு, சுற்றியுள்ள மரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் அதோடு டிரைக்கோடெர்மாவும் இட்டு, நோயுற்ற மரத்தின் பாத்தியிலிருந்து மற்றப் பாத்திகளுக்கு நீர் ஓடாதபடி வாய்க்காலைப் பிரித்துவிட வேண்டும்.