குரங்கு எச்சத்தில் புழு முட்டை எண்ண மினி-ஃப்ளோடாக் வாங்கலாமா?

வாங்கலாம். மினி-ஃப்ளோடாக் என்பது எச்சத்திலுள்ள புழு முட்டைகளை மிதக்கவைத்து மைக்ராஸ்கோப்பில் எண்ண உதவும் சிறு கருவி. அதே வேலைக்கான பழைய மெக்மாஸ்டர் சிலைடை மட்டும் நம்பி "புழு இல்லை" என்று எழுதிக்கொடுக்கும் ஆய்வகங்கள் கட்டாயம் வாங்க வேண்டும்.

மெக்மாஸ்டரின் இரண்டு அறைகளும் தலா 0.15 மில்லி. 3 கிராம் எச்சத்தை முட்டைகளை மிதக்கவைக்கும் 42 மில்லி அடர்ந்த கரைசலில் கலக்கினால், கண்ணில் படும் ஒரு முட்டை கிராமுக்கு 50 என்று கணக்காகும். ஆட்டுக்கு அது போதும். காட்டுக்குரங்கில் முட்டைகள் பல சமயம் அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும். மினி-ஃப்ளோடாக்கின் இரண்டு அறைகளும் தலா 1 மில்லி. 5 கிராம் எச்சம், 45 மில்லி கரைசல், கண்ணில் படும் ஒரு முட்டை கிராமுக்கு 5 என்று கணக்காகும். கிராமுக்கு 35 முட்டை உள்ள மாதிரியில் இங்கே ஏழு முட்டை தெரியும். அந்த எச்சமே மெக்மாஸ்டரில் ஏறக்குறைய பாதி தடவை வெறுமையாகவே வரும். 2 கிராம் எச்சம்தான் கிடைத்ததா? 18 மில்லி சேருங்கள், விகிதம் மாறாது.

நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான இந்தக் கருவிக்கு சென்ட்ரிஃபியூஜ் வேண்டாம். வால்பாறை போன்ற இடத்தில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தால் வேலை நடக்கும். கலக்கி, வடிகட்டி, அறையைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக்குமிழ் நிற்கும், அதன் கறுப்பு விளிம்பில் முட்டை மறைந்துவிடும். 10 நிமிடம் அசைக்காமல் வைத்து, மேல்தட்டைச் சுழற்றி, உடனே எண்ண வேண்டும். தாமதித்தால் உப்பு படிகமாகும், மெல்லிய ஓடுள்ள முட்டைகள் சுருங்கும்.

கரைசலில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சாதாரண உப்புக்கரைசலின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.20 வேண்டும், அடியில் கரையாத உப்பு கொஞ்சம் தங்கும்வரை போட்டு, அடர்த்திமானியில் பாருங்கள். கொக்கிப்புழு வகை முட்டைக்கு இது சரி. கனமான முட்டைகளையும் தேடினால் 685 கிராம் துத்தநாக சல்பேட்டை 685 மில்லி தண்ணீரில் கரைத்த 1.35 கரைசலில் இன்னொரு தடவை பாருங்கள். கழுவும்போது பள்ளங்களில் முட்டை ஒட்டி நிற்கும். சோப்பு, மென்மையான பிரஷ், பிறகு வெறும் கரைசலை ஊற்றி ஒரு சோதனை. இதைத் தவிர்த்தால் முந்தைய குரங்கின் புழு அடுத்த குரங்கின் கணக்கில் ஏறும்.

எச்சம் விழுந்தவுடன், மண் படாத மேல்பகுதியை எடுக்க வேண்டும். மண்ணில் வாழும் புழுக்கள் கலந்தால் முடிவே கெட்டுவிடும். குரங்குகளில் வரும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஃபியூலெபோர்னி என்ற குடற்புழு முட்டையாகவே வெளியேறி, வெப்பத்தில் சில மணி நேரத்தில் பொரிந்துவிடும். எடை போட்டபின் ஃபார்மலினில் போடுங்கள். போட்டபின் எடை பார்த்தால், எண்ணிய முட்டையை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற கணக்கு தப்பும். முட்டையிலிருந்து லார்வாவை (இளம்புழுவை) வளர்த்துப் பார்க்க ஒரு பங்கை ஃபார்மலின் இல்லாமல் தனியே வையுங்கள். ஈசோஃபேகோஸ்டோமம் என்ற இன்னொரு குடற்புழுவின் முட்டையையும் கொக்கிப்புழு முட்டையையும் பார்வையால் பிரிக்க முடியாது, வளர்த்துத்தான் அறிய முடியும்.

பெர்டியெல்லா என்ற நாடாப்புழு விஷயத்தில் கருவியை நம்பாதீர்கள். அதன் துண்டுகள் எச்சத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும், முதலில் அதைத் தேடுங்கள். இது தொட்டுப் பரவுவதில்லை. மண்ணிலுள்ள சிற்றுண்ணியைத் தவறி விழுங்குவதால் வருகிறது. இலங்கையில் குழந்தைகளிடம் இது பதிவாகியிருக்கிறது.

எவ்வளவு நல்ல கருவியானாலும், குரங்கிலிருந்து மனிதருக்குப் புழு தாவியதா என்பதை அது சொல்லாது. கானாவின் வடக்கில் மனிதரிடமும் குரங்குகளிடமும் ஈசோஃபேகோஸ்டோமம் பைஃபர்கம் என்ற இனம் இருந்தது. பார்வைக்கு ஒன்றேதான், ஆனால் மரபணு ஆய்வில் இரண்டும் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்தன. முட்டை எண்ணிக்கையை மட்டும் காட்டி ஊரார் குரங்குகளை விரட்டக் கிளம்பினால், அது இரு தரப்புக்கும் அநியாயம்.

எச்சத்தைக் கையாளும்போது கையுறை, முகக்கவசம், மூடிய காலணி கட்டாயம். ஸ்ட்ராங்கிலாய்டஸ் லார்வா தோலைத் துளைத்து நுழையும். குரங்குகள் நடமாடும் இடத்தில் வெறுங்காலோடு வேலை செய்பவர்களுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்ற புழுமருந்து ஒரு மாத்திரையோடு விஷயம் முடிந்தது என்று சொல்லிவிடாதீர்கள்: கொக்கிப்புழுவுக்கு அது உதவும், ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு அந்த ஒரு வேளை போதாது. ஐவர்மெக்டின் என்ற வேறு புழுமருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.