டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரிச்சு வேலை பாத்து 3 வருஷம் ஓட்டினதுல தெரிஞ்சது

என் வண்டி பார்ட் டைம் ஃபோர் வீல் (வேணும்னா மட்டும் நாலு சக்கரத்துக்கும் இழுவை போடுறது), உள்ள செயின் ஓடுற டைப் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர் பாக்ஸ்ல இருந்து வர்ற இழுவைய முன், பின் சக்கரத்துக்கு பிரிச்சு குடுக்குற பெட்டி. வேலை பாத்து 3 வருஷம், 38,000 கிலோமீட்டர் ஆச்சு, இனிமே தைரியமா எழுதலாம்.

முதல்ல ஃபோர் லோல (நாலு சக்கர இழுவைல மெதுவான, பலமான கியர்) ஏத்தம் ஏறும்போது அடியில சுத்தியல் வச்சு அடிச்ச மாதிரி டங்குனு சத்தம், ஆக்சிலேட்டர மெதுவா மிதிச்சா வராது, லோடு ஏறினா மட்டும் வரும், டூ வீல்ல சுத்தமா கிடையாது. ஷாஃப்ட்டுல இருக்குற கிராஸ் ஜாயிண்ட்டா இருக்கும்னு ரெண்டையும் மாத்தினேன், சத்தம் அப்படியே இருந்துச்சு. டூ வீல்லயும் ஊளை சத்தம் வந்தா பேரிங் பக்கம் பாருங்க, ஃபோர் வீல்ல லோடு குடுத்தா மட்டும் டங்குனா செயின் நீண்டு போய் பல்லு தாண்டுதுன்னு சந்தேகப்படணும் (முன் டிஃபரென்ஷியல், அதாவது ரெண்டு பக்க சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் செட், போனாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான், அதையும் ஒரு தடவ பாத்துருங்க). லீவர் தானா நியூட்ரலுக்கு குதிச்சா உள்ள கியர நகத்துற ஷிஃப்ட் ஃபோர்க் தேஞ்சிருக்கலாம்.

ஆயில் இறக்குறதுக்கு முன்னாடி மேல இருக்குற ஃபில்லர் பிளக் கழலுதான்னு பாத்துக்கோங்க, கீழ இறக்கிட்டு மேல கழலலன்னா வண்டி அங்கயே நிக்கும். ஆயில் இறக்குற பிளக்ல இருக்குற காந்தத்துல மை மாதிரி சாம்பல் பசை இருந்தா அது சாதாரண தேய்மானம். எனக்கு வெட்டின நகம் அளவுக்கு பளபளன்னு துண்டு ஒட்டியிருந்துச்சு, அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல, கேஸையே கழட்டி இறக்கிட்டோம்.

பிரிச்சு பாத்தா கேஸோட உள் சுவத்துல செயின் உரசி உரசி வரிசையா கோடு விழுந்திருக்கு. புது செயின படுக்கை வாட்டுல ரெண்டு கையால புடிச்சா ஓரளவு நேரா நிக்குது, பழச அதே மாதிரி புடிச்சா வில்லு மாதிரி வளைஞ்சு தொங்குது, மனசு கஷ்டமாயிடுச்சு. செயின் மட்டும் போட்டா போதும்னு சொன்னாங்க, நான் ஒத்துக்கல, தேஞ்ச ஸ்ப்ராக்கெட்ல (செயின் மாட்டி ஓடுற பல் சக்கரம்) புது செயின் போட்டா அதையும் தின்னுடும். ஸ்ப்ராக்கெட், பேரிங், சீல் எல்லாமே சேத்து மாத்தினோம்.

இவ்வளவுக்கும் காரணம் என் டயர்தான்னு நினைக்கிறேன். பின்னாடி ரெண்டு மட்டும் புதுசு போட்டு, முன்னாடி தேஞ்சதோடயே காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் ஹைல (நாலு சக்கர இழுவைல சாதாரண வேக கியர்) ரொம்ப நாள் ஓட்டினேன். பார்ட் டைம்ல நடுவுல டிஃபரென்ஷியல் இல்ல, முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும், டயர் சுத்தளவு மாறினா அந்த முறுக்கு பூரா செயின் தலையிலதான் விழும். இப்போ நாலு டயரும் சேத்துதான் மாத்துறேன், தார் ரோடு வந்ததும் டூ வீலுக்கு மாத்திடுறேன்.

சத்தம் இன்னிக்கு வரைக்கும் திரும்ப வரல. பின் அவுட்புட் சீல் மட்டும் ரெண்டாவது வருஷம் கசிஞ்சுது, கழட்டி பாத்தா பழைய சீல் ஓடின இடத்துல ஃபிளாஞ்சு (பின் ஷாஃப்ட்ட கேஸோட சேக்குற பாகம்) மேல நகம் மாட்டுற அளவுக்கு பள்ளம், கேஸ் பிரிச்ச அன்னிக்கே அதை விரல் வச்சு தடவி பாத்திருக்கணும். ஃபிளாஞ்சையும் மாத்தினப்புறம் கேஸ் அடியில துணி வச்சு துடைச்சாலும் காஞ்ச தூசிதான் வருது.