ஹார்ட் டிஸ்க்கின் நடுக்கம் நிற்கும்வரை: ஆறு வருட லினக்ஸ் அனுபவம்

யாங்கோனில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். எடுத்ததெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். ஆறு வருடமாக, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம். அதில் டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்ற நான் பட்டுக் கற்றதுதான் இது.

முதல் வருடமே அடி விழுந்தது. ஒரு தீமிதித் திருவிழா வீடியோவைக் காப்பி போட்டுக்கொண்டிருந்தோம். "அண்ணே, முடிஞ்சிருச்சு" என்றான் உதவிக்கு இருந்த தம்பி. திரையில் பட்டை நிறைந்திருந்தது, கேபிளை உருவிவிட்டேன். மறுநாள் கடைசிக் கோப்புகள் திறக்கவே இல்லை. கேமரா கார்டையும் அதற்குள் அழித்தாயிற்று. பூக்குழி இறங்கியவர்களை மறுபடி இறங்கச் சொல்ல முடியுமா?

பட்டை நிறைந்தால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தரவை ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே உறுதி. டிஸ்க்கில் எழுதுவது பின்னால் நடக்கும். தேங்கிய தரவுக்கு இயல்பான கெடு 30 விநாடி. டிஸ்க் மெதுவாக இருந்தால் இன்னும் இழுக்கும். எங்கள் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையோ எக்ஸ்ஃபேட். அதில் ஜர்னல், அதாவது பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு, கிடையாது.

பிறகு யுமவுண்ட் செய்தே, அதாவது மிச்சத் தரவை எழுதி முடித்து டிஸ்க்கை விடுவிக்கும் கட்டளையைக் கொடுத்தே, எடுத்தேன். கோப்புகள் தப்பின. ஆனால் டிஸ்க்கின் மேல் கை வைத்தால் சன்னமாக நடுங்கும். தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உருவினால் உள்ளே 'டக்' என்று கேட்கும். மின்சாரம் திடீரென்று அறும்போது, தட்டில் மிஞ்சிய சுழற்சியை வைத்தே படிக்கும் முனை அவசரமாக ஒதுங்குகிற சத்தம் அது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது ஸ்மார்ட் பட்டியல். பல டிஸ்க்குகளில் அதன் 192ஆம் எண் வரி இதைத்தான் எண்ணுகிறது. என்னுடையதில் முந்நூறைத் தாண்டியிருந்தது.

இப்போது யுமவுண்டுக்குப் பிறகு, லினக்ஸில் டிஸ்க்குகளைக் கையாளும் யுடிஸ்க்ஸ் என்ற நிரலின் பவர்-ஆஃப் கட்டளையைக் கொடுக்கிறேன். அது யூஎஸ்பி இணைப்பையே முறையாக மூடிவிடுகிறது. நடுக்கம் மெல்ல அடங்குவது உள்ளங்கையில் தெரியும், அப்புறம்தான் கேபிளைத் தொடுவேன். நாலு வருடமாக அந்த எண் ஏறியது கரண்ட் போன நாட்களில் மட்டும். இங்கே கரண்ட் அடிக்கடி போகும். டிஸ்க்கின் அடாப்டரையும் யூபிஎஸ்ஸில் செருகிவிட்டேன்.

'பிஸி' என்று யுமவுண்ட் மறுத்தால் பலர் 'சோம்பேறி' யுமவுண்டைச் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டிஸ்க் கண்ணுக்கு மறையும், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் எழுதிக்கொண்டே இருக்கும். எந்த நிரல் என்று கண்டுபிடித்து மூடுங்கள்.

விண்டோஸ் வாடிக்கையாளர்களுக்கு: 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, தனியாகக் கட்டளை கொடுக்காமலே டிஸ்க்கைக் கழற்ற விடும் 'விரைவு அகற்றல்' தான் இயல்பு. அதிலும் காப்பி ஓடும்போது உருவினால் கோப்பு போகும்.

பவர்-ஆஃபில் ஒரு குறை உண்டு. நாலு கார்டு செருகும் ரீடரில் ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றவையும் சேர்ந்து அணையும். அதனால் ஒற்றைத் துளை ரீடர் இரண்டு வைத்திருக்கிறேன்.