பிப்பெட்டா, லேசரா: ஆற்று வண்டலின் பருமனை எதில் அளப்பது?

1963-ல் கிளென் கேன்யன் அணை வந்தபின், அமெரிக்காவின் கொலராடோ ஆற்றின் மேல்பகுதி மணல் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கீழே கிராண்ட் கேன்யனுக்கு மணல் கொடுப்பவை முக்கியமாகப் பாரியா, லிட்டில் கொலராடோ என்ற துணையாறுகள்தான். அங்கே மிதந்து போகும் மணல் நாளாக ஆகப் பருமனாகிறதென்றால், அடியிலிருந்த பொடிமணலை ஆறு வாரிக்கொண்டு போய்விட்டது என்று பொருள். அதனால் எவ்வளவு வண்டல் என்பதோடு, துகள் என்ன பருமன் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

பழைய வழி சல்லடையும் பிப்பெட்டும் (திரவத்தை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்). 62.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேலே மணல், சலித்துவிடலாம். மிஞ்சும் சேறுதான் பொறுமையைச் சோதிக்கும். பெரிய துகள் சீக்கிரம் இறங்கும், சிறியது மெதுவாக; அதனால் ஜாடித் தண்ணீரில் கலக்கிவிட்டு, குறித்த நேரத்தில் குறித்த ஆழத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். 2 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம். காலையில் கலக்கினால் சாயங்காலம் உறிஞ்சலாம். இடையில் யாராவது மேஜையை இடித்தால், ஜாடியோடு நம் வயிறும் கலங்கும்.

ஆய்வகத்தில் லேசர் ஒளியால் பருமனை அளக்கும் கருவிக்குச் சில நிமிடம் போதும். சிறு துகள் ஒளியை அகலமாகச் சிதறடிக்கும், பெரியது குறுகலாக. வளையம் வளையமாக உள்ள உணரிகளில் விழும் ஒளியை வைத்துக் கருவி கணக்குப் போடுகிறது. ஆனால் அது தருவது பிப்பெட்டைப் போல எடைப் பங்கல்ல, கனஅளவுப் பங்கு. அதுவும் துகளை உருண்டை என்று வைத்துக்கொண்டு. களிமண்ணோ தட்டை. பிப்பெட்டில் 2 மைக்ரான் என்பது லேசரில் 8 மைக்ரானாகத் தெரிவதுண்டு. பல வருட பிப்பெட் பதிவின் வாலில் லேசர் எண்களை ஒட்டினால், ஆறு மாறாமலே மண் மாறியதாகத் தோன்றும். ஒரே மாதிரிகளை இரண்டிலும் ஓட்டிப் பார்க்காமல் நான் ஒட்டமாட்டேன்.

அப்புறம், லிஸ்ட்-100 போல ஆற்றுக்குள்ளேயே இறக்கும் லேசர். ஆய்வகத்தில் நாம் மருந்து போட்டு உடைக்கும் களிமண் திரள்களை இது உடையாமல் திரளாகவே பார்க்கும். எங்கே படியும் என்பதுதான் கேள்வியென்றால் அதுவே சரியான பருமன். ஆற்றில் திரள்தானே இறங்குகிறது! தொல்லை என்னவென்றால், சேறு கூடினால் ஒளி மறுபக்கம் வராது, கண்ணாடியில் பாசி பிடிக்கும். கிராண்ட் கேன்யனில் லேசரையும் இறக்கிப் பார்த்த அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை, 15 நிமிடத்துக்கொரு முறை அளக்க ஒலியலைக் கருவிகளுக்குப் போய்விட்டது.

களிமண் பங்கைப் பழைய பதிவோடு ஒப்பிட வேண்டுமா, பிப்பெட்டை விடாதீர்கள். மணலைப் பற்றிய கேள்விக்கு ஆய்வக லேசரே என் தேர்வு. ஆற்றில் இறக்கத்தான் வேண்டுமென்றால், ஒளி தாண்ட வேண்டிய பாதையைக் குறுக்கும் துண்டையும் சேர்த்தே வாங்குங்கள். முதல் வெள்ளத்திலேயே தேவைப்படும்.