அலுமினியம் பூசிய பியூட்டைல் டேப்: மலை வீட்டுக் கூரையில் கேபிள் ஓட்டையை அடைக்க உதவுமா?

தகரக் கூரை, அதன் அடியில் குளிரைத் தடுக்கும் கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு), அதற்கும் கீழே அறையின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் வேப்பர் பேரியராகப் பாலிதீன் தாள், கடைசியில் மரச் சீலிங். ஊட்டி, கோத்தகிரி குளிருக்கு நல்ல அமைப்பு இது. பின்னால் சோலார் கேபிளோ கேமரா கேபிளோ இழுக்கும்போதுதான் கெடுகிறது. தாளைக் குத்திக் கிழித்து நாலு கேபிளைக் கொத்தாக நுழைத்து, சுற்றிக் கொஞ்சம் சிலிக்கான் அப்பிவிட்டுப் போகிறார்கள்.

ஜனவரியில், மழையே இல்லாத நாளில், வெயில் ஏறியதும் சீலிங் சொட்டினால் பெரும்பாலும் அது மழைக் கசிவு அல்ல. 18 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக் காற்று சுமார் 12 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகிவிடும். உறைபனி இரவில் தகரம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். அறையிலிருந்து ஏறும் ஈரம் அதில் படிந்து, வெயில் ஏறியதும் உருகிச் சொட்டுகிறது. முழுத் தாளின் ஊடாகக் கசியும் ஈரத்தைவிட, விரல் நுழையும் ஓட்டை வழியே காற்றோடு ஏறும் ஈரம் பல மடங்கு அதிகம். இதற்குக் கூரை மேல் ஏறி சீலண்ட் பூசிப் பயனில்லை. அடைக்க வேண்டியது அறைப் பக்கத் தாளை.

சிலிக்கான் பாலிதீனில் பிடிக்காது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். ஸ்ப்ரே ஃபோமும் அப்படித்தான். கேபிள் சற்று அசைந்தாலே விளிம்பில் இடைவெளி விழும். தார் டேப் நன்றாக ஒட்டும், ஆனால் பிவிசி கேபிளின் மேலுறையோடு அதற்கு ஒத்துவராது. இந்த வேலைக்கு 50 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமன் உள்ள, ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் ஒட்டும் ரப்பர் பசையுமான பியூட்டைல் டேப்தான் சரி. பாலிதீனிலும் கேபிளிலும் ஒருசேரப் பிடிக்கிறது, இறுகிப்போகாததால் அசைவையும் தாங்குகிறது.

ஆனால் டேப் நல்லதாக இருந்தும் தோற்கிற இடங்கள் உண்டு. முதலாவது பழைய சிலிக்கான். அதன் படலம் மிச்சமிருந்தால் மேலே எதுவும் ஒட்டாது. சுரண்டிப் பார்த்து, போகவில்லையென்றால் அந்தப் பகுதித் தாளையே வெட்டி எடுத்துவிட்டு 200 மைக்ரான் புதுத் தாளால் ஒட்டுப் போடுங்கள். நாலு பக்கமும் 10 செ.மீ. மேற்படிய வேண்டும். அதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு கிளாஸ் வுல்லைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் எடுத்துவிட்டு, காய்ந்த புதுத் துண்டை வையுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரச்சட்டம் உளுக்கும். ஓட்டையைச் சுற்றிக் கறுத்திருந்தால், காற்று அவ்வழியே போய்வந்து தூசியைப் படியவிட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது கேபிள் கொத்து. நாலு கேபிளையும் சேர்த்து டேப் சுற்றினால் நடுவில் உள்ள சந்து அப்படியே திறந்திருக்கும். ஒவ்வொன்றையும் 3 செ.மீ. தள்ளித் தனித்தனி ஓட்டையில் விடுங்கள். கான்ட்யூட் பைப்பில் வந்தால் பைப்பின் வாயையும் பியூட்டைல் மக்கால் (புட்டியால்) அடைக்க வேண்டும். இதைத்தான் அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒட்டும்போது 8 செ.மீ. துண்டை எடுத்து, ஒரு பாதியைக் கேபிளில் சுற்றி, மறு பாதியை விரல் விரலாகக் கத்தரித்துத் தாளின் மேல் விரித்து அழுத்துங்கள். விரல்களுக்கு இடையே விழும் முக்கோணச் சந்துகளை அடுத்தடுத்த துண்டுகளால் மூடி, தாளில் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பிடிப்பு கிடைக்கச் செய்யுங்கள். தாளின் பின்னால் மெத்தென்ற கிளாஸ் வுல் இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் டேப் பிடிக்காது, சட்டங்களுக்கு நடுவே ஒரு பிளைவுட் துண்டைத் தாங்கலாக ஆணியடித்துக்கொள்ளுங்கள். கேபிளின் எடை டேப்பை இழுக்காதபடி 10 செ.மீ. தள்ளி ஒரு கிளிப் போதும்.

குளிரில் பியூட்டைல் விறைத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் காலை பதினொன்றுக்கு மேல் ஒட்டுங்கள். ரோலை அதற்கு முன் வெயிலில் வைத்திருங்கள்.

முடிந்ததும் சன்னல்களை மூடி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஊதுபத்தியை ஓட்டைக்குச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். புகை கலைந்து விலகினால் அங்கே இன்னும் சந்து இருக்கிறது.

புதிதாகக் கேபிள் இழுப்பவர்களுக்கு மட்டும் இந்த டேப்பைப் பரிந்துரைக்கமாட்டோம். விலை கூடினாலும் ஒட்டும் விளிம்புள்ள ஈபிடிஎம் ரப்பர் வளையம் வாங்குங்கள். கேபிள் அதில் இறுக்கமாக நுழையும், விரல் விரலாக வெட்டும் வேலையும் மிச்சம். ஏற்கெனவே இரு முனையிலும் இணைத்துவிட்ட கேபிளில் அந்த முழு வளையத்தை மாட்ட வழியில்லை, அங்கே டேப்தான்.