அம்மாபேட்டை மொட்டை மாடி கப்பி வளர்ப்பு: 5 ஜோடின்னு வாங்கி ஏமாந்தவங்க ஒரு தடவ இங்க போய் பாருங்க

சேலத்துல கப்பி மீன் எங்க நல்லா கிடைக்கும்னு கேக்குறவங்களுக்காக எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா என் தொட்டில என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொன்னாதான் இந்த அண்ணாவ பத்தி ஏன் இவ்ளோ தூரம் சொல்றேன்னு உங்களுக்கு புரியும்.

பொண்ணு நாலாவது படிக்கிறா, மீன் வேணும் மீன் வேணும்னு ஒரு வருஷமா கேட்டுட்டே இருந்தா. 2 அடி தொட்டி, 50 லிட்டர் தண்ணி பிடிக்கும், ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு 3 வாரம் ஓட விட்டுட்டு அப்புறம்தான் டவுன்ல ஒரு கடைக்கு போனோம். 5 ஜோடி கப்பி குடுங்கன்னு கேட்டோம், ஜோடி 60 ரூவா, கடைப்பையன் வால் பெருசா கலரா இருக்குறதா பாத்து வலைல அள்ளி கவர்ல போட்டு குடுத்துட்டான், நாங்களும் எண்ணி பாக்காம வாங்கிட்டு வந்துட்டோம். மூணாவது நாள் உக்காந்து நிதானமா பாத்தப்பதான் தெரிஞ்சது, 10ல 7 ஆண், 3 தான் பொட்டை.

பாத்தவுடனே எப்படி தெரியும்னா, ஆண் மீனுக்கு வயித்துக்கு அடில இருக்குற துடுப்பு ஒல்லியா குச்சி மாதிரி பின்னால நீட்டிட்டு இருக்கும், அதுக்கு கோனோபோடியம்னு பேரு. பொட்டைக்கு அதே துடுப்பு சின்ன விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும், வயித்துக்கு பின்பக்கம் ஒரு கருப்பு திட்டு தெரியும், உடம்பும் பெருசு. கலர், வால் எல்லாம் ஆணுக்குதான், அதனாலதான் கலர மட்டும் பாத்து அள்ளுனா ஆணாவே வந்து சேருது.

7 ஆணும் அந்த 3 பொட்டைய விடவே இல்லைங்க. காலைல லைட்டு போட்டதுலருந்து ராத்திரி அணைக்கிற வரைக்கும் பின்னாடியே துரத்தல், ஒண்ணு முன்னால வந்து உடம்ப வளைச்சு ஆடி காட்டும், அதே நேரத்துல ரெண்டு பின்னால வந்து முட்டும். பொட்டை சாப்பிட மேல வந்தா அங்கயும் வரும். கடைசில ஃபில்டருக்கு பின்னால மூலைல ஒதுங்கி மூச்சு வாங்கிட்டு நின்னுச்சு, துடுப்ப எல்லாம் ஒடுக்கிக்கிச்சு. ஆண்களுக்குள்ளயும் வால கடிச்சு ரெண்டுக்கு வால் கிழிஞ்சு போச்சு. கடைக்கு போன் பண்ணா "அது அப்படித்தான் சார், கப்பி ஆணு சண்டைக்காரன், ரெண்டு நாள்ல அடங்கிடும்"னாங்க, மாத்தியும் தரல. 9ஆவது நாள் ஒரு பொட்டை செத்துச்சு, 12ஆவது நாள் இன்னொண்ணு. பொண்ணு ரெண்டு நாள் சரியா சாப்பிடல, எனக்கு மனசே ஆறல.

அப்பதான் அம்மாபேட்டைல தறி போடுற சொந்தக்காரர் ஒருத்தர் இந்த அண்ணாவ சொன்னாரு. போர்டு எதுவும் கிடையாது, பேரும் போட வேண்டாம்னு சொல்லிட்டாரு, அதனால இங்க போடல. கீழ வீடு, மாடிப்படி ரொம்ப செங்குத்து, பெரியவங்கள கூட்டிட்டு போனா பாத்து ஏத்துங்க. மேல போனா பழைய ஃப்ரிட்ஜ படுக்க வெச்சு தொட்டியாக்கி வரிசையா 12 வெச்சிருக்காரு, மேல பச்சை நிழல் வலை, ஓரத்துல மீனுக்கு தீனியா போடுற மொய்னாங்குற பொடி தண்ணிப்பூச்சி வளக்குற ட்ரம், தண்ணில காஞ்ச வாதாங்கொட்டை மரத்து இலை.

நான் போனவுடனே மீன காட்டுவாருன்னு பாத்தா அவரு கேள்விதான் கேட்டாரு. தொட்டி எத்தனை லிட்டருங்க, இப்ப உள்ள எத்தனை ஆணு, எத்தனை பொட்டை, செடி இருக்குதா, போரு தண்ணியா மேட்டூர் தண்ணியா. நான் சொல்லி முடிச்சதும், "அண்ணா, இன்னிக்கு மீனு வாங்காதீங்க, போயி மிச்சம் இருக்குற அந்த ஒரு பொட்டைய தனியா ஒரு வாளில விடுங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பி வெச்சுட்டாரு. காசு குடுத்து வாங்க வந்தவன வாங்காம போன்னு சொன்ன கடைக்காரர நான் இப்பதான் பாக்குறேன்.

அதே மாதிரி பண்ணேன். பொட்டை கண்ணுல படலன்னதும் ரெண்டாவது நாளே ஆண்கள் பாதிக்கு மேல அடங்கிடுச்சு. அவரு சொன்ன விஷயம் இதுதான்: ஆணோட குணத்த மாத்த முடியாது, எண்ணிக்கைய மாத்தலாம். ஒரு ஆணுக்கு ரெண்டு, முடிஞ்சா மூணு பொட்டை இருந்தா துரத்தல் எல்லார் மேலயும் பங்காகும், எந்த ஒரு பொட்டைக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். கலரு மட்டும் போதும், குட்டி வேண்டாம்னா ஆணாவே ஆறேழு விடலாம், ஆனா அதுல ஒரு பொட்டை கூட போடக்கூடாது, போட்டா அத்தனையும் அது பின்னாலதான். ஜோடின்னு ஒண்ணுக்கு ஒண்ணா விக்கிறதே தப்புன்னாரு, எனக்கும் இப்ப அதான் தோணுது. கல்யாண ஜோடி மாதிரி நெனச்சு நாம வாங்குறோம், கப்பி அப்படி வாழ்ற மீன் இல்ல.

என்கிட்ட இருந்த 7 ஆணுக்கு கணக்கு போட்டா 14 பொட்டையாச்சும் வேணும், 50 லிட்டர்ல அவ்ளோ மீன் விட்டா நெரிசலாகிடும். அதனால 5 ஆண அவரே வாங்கிக்கிட்டாரு, அவர் மீனோட கலக்காம தனி டப்பால விட்டாரு. வேற கடை மீன உடனே கலந்தா நோய் பரவும்னு, என்னையும் புதுசா வாங்குன 5 பொட்டைய ரெண்டு வாரம் தனியா வெச்சு பாத்துட்டுதான் விட சொன்னாரு. இப்ப 2 ஆண், 6 பொட்டை. பொட்டை ஒண்ணு 40 ரூவா, மொத்தம் 200. மேல மிதக்க ஆகாயத்தாமரையும் கீழ பாசியும் ஒரு கவர் நிறைய சும்மாவே குடுத்தாரு, ஒளியறதுக்கு இடம் இருந்தா பாதி சண்டை குறையும்னாரு.

இப்ப ஒண்ணரை மாசம் ஆகுது. துரத்தல் சுத்தமா நின்னுருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆண் கப்பி துரத்தாம இருக்காது, ஆனா பொட்டைங்க கூட்டமா மேல வந்து சாப்பிடுது, மூலைல யாரும் ஒதுங்கி நிக்கல. பெரிய பொட்டை ஒண்ணு சாப்பாட்டு நேரத்துல சின்னத முட்டி விடுது, அதுக்கு ரெண்டு இடத்துல தூவ சொன்னாரு, சரியாகிடுச்சு. வாளில தனியா வெச்சிருந்தமே அந்த பழைய பொட்டை, அது ஆணே இல்லாம அங்கயே 23 குட்டி போட்டுச்சு, நான் பயந்தே போய்ட்டேன். பொட்டை கப்பி ஒரு தடவ சேந்தாலே அந்த விந்த உள்ள சேத்து வெச்சு மாசக்கணக்கா குட்டி போடுமாம், மாசத்துக்கு ஒரு தடவ போல. கலந்து இருந்த தொட்டிலருந்து வாங்குன எந்த பொட்டையும் சினையாதான் இருக்கும்னு வெச்சுக்கங்க. குட்டிய பெருசுங்களே தின்னுடும், பாசி அடர்த்தியா இருந்தா கொஞ்சம் தப்பும்.

அதிகமாகுற குட்டிய 2 மாசம் கழிச்சு இவரே வாங்கிக்கிட்டு அதுக்கு பதிலா தீவனம் தர்றாரு, எனக்கு ரொம்ப பிடிச்ச சர்வீஸ் இதுதான். தயவு செஞ்சு யாரும் மூக்கனேரிலயோ கிணத்துலயோ கொண்டு போய் கொட்டிடாதீங்க, இது நம்ம ஊரு மீன் இல்ல, தென் அமெரிக்கா பக்கத்து மீன், பெருகுனா நம்ம சின்ன மீன்களுக்கு இடம் இருக்காது. அதே மாதிரி கொசுவுக்கு விடுற கம்பூசியாவ கப்பியோட சேக்காதீங்க, அது வால கடிச்சு துண்டு துண்டாக்கிடும்.

குறைன்னு பாத்தா வெரைட்டி கம்மி, நாலஞ்சு ரகம்தான் இருக்கும். டெலிவரி கிடையாது. ஆனா வாங்குனதுல ஒரு பொட்டை துடுப்ப ஒடுக்கிட்டே இருந்துச்சு, எடுத்துட்டு போனேன், கேள்வியே கேக்காம மாத்தி குடுத்தாரு. ஏற்காட்டுல இருக்குற மச்சினிக்கு கேட்டப்ப, அங்க குளிருக்கு ஹீட்டர் வாங்கி 25 டிகிரில வெச்சு ஒரு வாரம் ஓட்டிட்டு வர சொல்லுங்க, அப்புறம்தான் மீனு தருவேன்னுட்டாரு, அவளுக்கு கோபம், எனக்கு அவரு சொன்னது சரின்னுதான் பட்டுச்சு.

5க்கு நாலரை குடுப்பேன். சாயங்காலம் 5 மணிக்கு மேல தறி வேலை முடிஞ்சுதான் மேல வருவாரு, ஞாயித்துக்கிழமை காலைலயும் இருப்பாரு. ஜிபே இருக்கு. போறப்ப உங்க தொட்டி அளவு, உள்ள எத்தனை ஆண் எத்தனை பொட்டைன்னு எண்ணி எழுதிட்டு போங்க, அது சொல்லாம அவரு வலையவே கைல எடுக்க மாட்டாரு.