பூவைச் சமைக்க எந்த மரம்? முருங்கை, அகத்தி, வேம்பு, ஆவாரை

வாழைப்பூ எல்லாக் காய்கறிக் கடைகளிலும் கிடைப்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை. கடைக்கு அரிதாக வருபவையும், வந்தாலும் வாடிப்போய் வருபவையுமான நான்கு பூக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவற்றுள் முருங்கையும் அகத்தியும் வீட்டுத் தோட்டத்தில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. வேம்பும் ஆவாரையும் பெரும்பாலும் வெளியில் சென்று சேகரிக்கப்படுபவை. பறிப்பதால் மரம் எதை இழக்கிறது, அடுப்பேற்றும் முன் எவ்வளவு வேலை வைக்கிறது, இலைக்கு வரும்போது எப்படிச் சுவைக்கிறது என்ற மூன்றையுமே அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன்.

தோட்டத்தில் ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் பெரும்பாலோர் முருங்கையை நடுவார்கள். அதில் வியப்பில்லை. பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை விதைத்த ஆறாம் மாதத்திலேயே காய்க்கு வந்துவிடும். மரமுருங்கையோ ஒரு போத்தை வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும். கீரை, பூ, காய் என மூன்றும் ஒரே மரத்தில் கிடைக்கின்றன. ஆனால் பூவை முதன்மையாக நினைப்பவருக்கு இந்தச் சிறப்பே இடைஞ்சலாகிறது. கொத்தை ஒடித்துப் பறித்தால் அந்தக் கொத்தில் பிடித்திருக்கக்கூடிய காயையும் சேர்த்தே ஒடித்துவிடுகிறோம். நால்வருக்கு ஒரு பொரியல் செய்ய ஒரு படிக்குக் குறையாமல் பூ வேண்டும். வாணலியில் விழுந்ததும் அது ஒரு கைப்பிடிக்குச் சுருங்கிவிடும்.

இந்த இழப்பைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. முருங்கை பூப்பதில் மிகச் சிறு பங்கே காயாகிறது. மற்றவை தாமாகவே உதிர்கின்றன. முந்தின நாள் மாலை மரத்தடியைப் பெருக்கி ஒரு பழைய வேட்டியை விரித்துவைத்தால், வெயில் ஏறும் முன் வாடாத பூவாகவே பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால் பொறுக்கியதை அப்படியே சட்டியில் போடக் கூடாது. மொக்குப் புழு மொட்டைத் துளைத்து உள்ளிருந்தே தின்னும். அத்தகைய மொட்டுகள்தாம் முதலில் உதிரும். மொட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளையும், அதை ஒட்டிப் பழுப்புநிறத் துகளும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். ஆகவே விரிந்த பூக்களை மட்டும் வைத்துக்கொண்டு மொட்டுகளை ஒதுக்கிவிடுவது என் வழக்கம். இத்தனை பாடுபட்டுச் செய்த பொரியல், பாசிப்பருப்பும் தேங்காய்த்துருவலும் சேர்ந்து, இலேசான காரமும் தேன் மணமுமாக இலையில் விழும்போது, பட்ட பாடு தகும் என்றே தோன்றும்.

அகத்தியின் கணக்கு வேறு. அதன் காயை நம் சமையலில் சேர்ப்பதில்லை என்பதால் பூவைப் பறிப்பதில் இழப்பு என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பூவும் ஒரு விரல் நீளம் இருக்கும். இருபது பூ இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். மொட்டாக, பிறைபோல் வளைந்து, இன்னும் விரியாத நிலையில் பறிப்பதே நல்லது. சுத்தம் செய்வதும் எளிது. பச்சைப் புல்லிவட்டத்தைக் கிள்ளிவிட்டு, இதழ்களை இரு விரல்களால் பிரித்தால் நடுவில் ஒரு வெளிறிய நரம்பு வளைந்து நிற்கும். மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் சேர்ந்த அந்த நரம்பை உருவி எடுத்துவிட்டால் கசப்பின் பெரும்பகுதி போய்விடும். மீதமுள்ள கசப்பு, அகத்திக்கீரையை விரும்பி உண்பவர்களுக்கு ஒரு பொருட்டே ஆகாது. கடலைமாவில் தோய்த்துப் பொரித்தாலும், சின்ன வெங்காயம் சேர்த்து வதக்கினாலும் இதழ் குழையாமல் கடிபடும். தாய்லாந்தில் புளிக்குழம்பில் இதே பூவைச் சேர்க்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஆடுகளுக்கு இதைவிடப் பிடித்த தழை குறைவு என்பதால் வேலி இல்லாத இடத்தில் அகத்திக் கன்று தப்புவது அரிது. மரம் மென்மையானது, ஆயுளும் குறைவு. இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளாவிட்டால் நெடுநெடுவென மேலே போய், பூ கைக்கெட்டாமல் போய்விடும். ஆயினும் கொடிக்காலில் வெற்றிலைக்குப் பந்தக்காலாகவே இதை வளர்த்துவந்த நம் உழவர்களுக்கு இதன் பயன் தெரிந்திருந்தது. வேர்முடிச்சுகள் வழியாக மண்ணில் தழைச்சத்தைச் சேர்ப்பதால், அடியில் மிளகாயோ கத்தரியோ வைத்தால் அவையும் செழிக்கும். மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சியை நினைத்தால், குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கு அகத்தியையே நான் பரிந்துரைப்பேன். பூவுக்காக நடுவதானால் அகத்தி, காய்க்காக நடுவதானால் முருங்கை. இதில் எனக்கு ஐயமே இல்லை.

வெளியில் சேகரிக்கும் இரண்டில் வேம்புக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பங்குனியிலும் சித்திரையிலும் பூ தானே கொட்டுகிறது. கிளையைத் தொடவே வேண்டியதில்லை. விரித்த துணியில் விழுந்ததை முறத்தில் புடைத்துக் காம்பும் சருகும் நீக்கி, நிழலில் இரண்டு நாள் உலர்த்திப் பின் வெயில் காட்டினால் ஓராண்டு வரை கெடாது. நடுவில் கோடைமழை பெய்துவிட்டால் அன்றைய பூவை விட்டுவிட வேண்டியதுதான். ஈரம்பட்ட பூ கறுத்துப் பூசணம் பிடிக்கும். நெய்யில் கரும்பழுப்பாகும் வரை வறுத்து, ரசத்தை இறக்கும்போது சேர்ப்பதே முறை. முன்னதாகச் சேர்த்தால் ரசம் முழுவதும் கசந்துவிடும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு மாங்காயும் வெல்லமும் சேர்வதால் கசப்புக்கு ஈடு கிடைக்கிறது. எப்படியானாலும் இது ஒரு கரண்டி அளவில் சேர்க்கும் பூ. பொரியலாக அள்ளி உண்ணும் பூ அன்று.

ஆவாரையை அள்ளி உண்ணலாம். பாசிப்பருப்புக் கூட்டில் அது இலேசான துவர்ப்போடு நன்றாகவே சேர்கிறது. உலர்த்திக் கொதிக்கவைத்த நீர் பொன்னிறமாக இருக்கும். இலங்கையில் ரணவரா என்ற பெயரில் அதைத் தேநீர்போல அருந்துகிறார்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை நம்பிச் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மிகவும் தவறு. உணவாகக் கொள்வது வேறு, மருந்துக்கு மாற்றாகக் கொள்வது வேறு.

பறிப்பதிலும் ஆவாரை கவனம் கேட்கிறது. நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் செடி எத்தனை பூத்திருந்தாலும் புகையும் தூசியும் படிந்தது; அதை விட்டுவிட்டு மேய்ச்சல் தரைக்கும் கரட்டு நிலத்துக்கும் நடக்க வேண்டும். புதிதாகப் பறிப்பவர் மஞ்சள் அரளியோடு குழப்பிக்கொள்ளவே கூடாது. அரளி முழுச் செடியும் நஞ்சு. அரளியின் பூ கூம்புபோல் குவிந்திருக்கும், இலை ஒற்றையாகவும் ஒடுங்கியும் இருக்கும், ஒடித்தால் பால் வடியும். ஆவாரையின் ஐந்து இதழ்களும் தனித்தனியே விரிந்திருக்கும், இலை புளிய இலைபோல் சிற்றிலைகளாக அடுக்கியிருக்கும், பால் வராது. இலைக்காம்பின் அடியில் காது மடல்போல் ஒரு பச்சைச் செதில் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டால் பிறகு தவறு நேராது.

இன்னொன்றும் உண்டு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. கருவண்டுகள் மகரந்தத்துக்காகவே வந்து, பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து அதை உதிர்த்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு செடியை மொட்டையடிக்காமல், செடிக்கு ஒரு கொத்து என்ற அளவில் பலவற்றில் பறிப்பதே முறை. தை பிறக்கும் முன் காப்புக் கட்டுவதற்காகக் கட்டுக்கட்டாக ஒடிக்கப்படும் நாள்களில் நான் பறிப்பதே இல்லை. நடக்க இயலாதவர்கள் விதையை வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து வேலியோரம் ஊன்றலாம். மேல்தோல் கடினமானது என்பதால் ஊறவைக்காத விதை முளைக்கத் தாமதமாகும். வேர் பிடித்த பிறகு தண்ணீர்கூட அதிகம் கேட்காது.